என் பொண்ணுக்கு படிப்பு சொல்லிக்கொடுத்த எல்லாருக்கும் ஒரு நன்றி

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டே இருந்தேன், இன்னிக்குதான் கை வந்துச்சு. மூணாவது படிக்கிற என் பொண்ணுக்கு டியூஷன் எடுத்த தங்கச்சி, உனக்குத்தான்மா முதல் நன்றி. காலேஜ் பரிட்சைக்கு நடுவுல கூட வந்து உக்காந்த.

எல்லாரும் இவளுக்கு கணக்கு வரலன்னு தான் சொன்னாங்க, நாங்களும் அப்படியேதான் நம்புனோம். நீ மட்டும்தான் கணக்க விட்டுட்டு முதல்ல அந்த கேள்விய சத்தமா படிக்க சொன்ன. மாலாகிட்ட 12 பென்சில் இருக்கு, அது கலாகிட்ட இருக்கறத விட 5 அதிகம், கலாகிட்ட எத்தனைன்னு கேட்டா இவ "அதிகம்"னு பாத்ததும் கூட்டி 17னு எழுதிடுவா. கேள்விய முழுசா படிக்கவே இல்ல, படிக்கறதுதான் அவளுக்கு கஷ்டம்னு அப்போதான் எங்களுக்கே புரிஞ்சுது. யாருகிட்ட அதிகம்னு படம் வரைய வச்ச பிறகு தானாவே 7னு சொன்னா.

எழுத்துலயும் எங்க இடிக்குதுன்னு கண்டுபிடிச்ச. தனி எழுத்து எல்லாம் தெரியும், ஆனா கொம்பு வந்தா போச்சு, கொடியை "கெரடி"ன்னு படிப்பா, துணைக்கால ர-ன்னு நினைச்சுக்குவா. பாவம் அவ மேல என்ன தப்பு, கொம்பும் காலும் எழுத்துக்கு ரெண்டு பக்கமும் நின்னா சின்ன புள்ள எத முதல்ல படிக்கும். கெ, கே, கொ, கோ நாலையும் அட்டைல எழுதி, கொம்பையும் காலையும் தனியா வெட்டி, அவ கையாலயே ஒட்டி ஒட்டி படிக்க வச்ச பாரு, அது எனக்கு தோணியே இருக்காது.

கழித்தல்ல 402லருந்து 178 போனா 376னு போட்டுட்டு இருந்தா, ஒவ்வொரு இடத்துலயும் மேல கீழ பாக்காம எது பெரிய இலக்கமோ அதுலருந்து சின்னத கழிச்சிடறது அவ வழக்கம். நீ குச்சிய கட்டு கட்டா கட்டி வச்சு ஒரு நூறு குச்சி கட்ட பிரிச்சு, பத்து குச்சி கட்டா பத்து கட்டாக்கி, அதுல ஒரு கட்ட பிரிச்சு ஒத்தை குச்சியாக்கி, நடுவுல இருக்க பூஜ்யம் எப்படி 9 ஆகுதுன்னு அவ கண்ணாலயே பாக்க வச்ச. 224 வந்ததும் அவ குதிச்ச குதி இருக்கே! பக்கம் பக்கமா ஹோம்வொர்க் குடுத்தா கணக்கு வரும்ங்கிற நம்பிக்கை எனக்கு அன்னிக்கே போச்சு.

அவளோட கிளாஸ் மிஸ்ஸுக்கும் நன்றி, எல்லார் முன்னாடியும் எழுப்பி படிக்க சொல்லாம முதல் நாளே பக்கத்த சொல்லி அனுப்பி, பழகிட்டு வந்து படிக்க விட்டீங்க மிஸ். லைப்ரரி சார், பெரிய எழுத்துல படம் போட்ட புக்கா தேடி எடுத்து வச்சதுக்கும், ஒரே புக்க திரும்ப திரும்ப எடுத்தப்போ ஒண்ணும் சொல்லாததுக்கும் நன்றி. அப்புறம் எங்க மாமனார், தினமும் சாயங்காலம் அவ படிக்கறத உக்காந்து கேட்டாரு, தப்பா படிச்சா உடனே திருத்தாம அவளே திரும்பி வர்ற வரைக்கும் காத்திருப்பாரு, அந்த பொறுமை எனக்கு சத்தியமா கிடையாது.

இப்பவும் ல, ள, ழ தடுமாறுது, வகுத்தல் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, பாத்துக்கலாம். அந்த அட்டை, குச்சி கட்டு எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், யாரோட புள்ளைக்காவது வேணும்னா சொல்லுங்க, தரேன்.