ஒரே காயிலில் எல்லா பில்லட்டும் சூடாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பில்லட் எனப்படும் எஃகுத் துண்டைச் சூடாக்கி அடித்து உருக்கொடுக்கும் ஃபோர்ஜிங் பட்டறைகள், ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் உலையைக் கைவிட்டு, காயில் என்ற செப்புச் சுருளுக்குள் வைத்து மின்சாரத்தால் சூடாக்கும் மின்தூண்டல் ஹீட்டருக்கு மாறுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கோவையில் முப்பது ஆண்டுகள் ஹேமருக்கும் பிரஸ்ஸுக்கும் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் என்ற முறையில் அதன் நோக்கத்தை வரவேற்கிறேன். ஆனால் மாறினாலே செலவு குறைந்துவிடும் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருப்பதால், கடன் வாங்கி இயந்திரம் போடப்போகும் சிறு பட்டறைக்காரர் யாரும் அதை நம்பிக் கைசுட்டுக்கொள்ளக் கூடாதே என்று இதை எழுதுகிறேன்.

எஃகை 1,200 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவர டன்னுக்கு ஏறத்தாழ 220 யூனிட் வெப்பம் அதற்குள் போயாக வேண்டும். எண்ணெயானாலும் மின்சாரமானாலும் இந்தக் கணக்கு மாறாது. அளவுக்கேற்ற காயில் பொருத்திய ஹீட்டர் இந்த வேலையைச் சுமார் 350 முதல் 400 யூனிட்டில் முடிக்கும். மிச்சத்தில் பெரும்பங்கு செப்புக் காயிலைக் குளிர்விக்கும் தண்ணீரோடு போய்விடும். கட்டுரை எண்ணெய்ச் செலவையும் மின்கட்டணத்தையும் மட்டுமே ஒப்பிடுகிறது. ஆயில் உலையில் நெடுநேரம் கிடக்கும் பில்லட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு ஸ்கேலாக, அதாவது சூட்டில் மேலே படியும் துருப் பொருக்காக, உதிர்ந்து போகும். அதாவது டன்னுக்கு 20, 30 கிலோ எஃகு குப்பைக்குப் போகிறது. காயிலுக்குள் சில நிமிடங்களே இருப்பதால் இந்தச் சேதம் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். உதிராமல் ஒட்டியிருக்கும் ஸ்கேல், உருக்கொடுக்கும் அச்சான டையை அரம் போல அராவித் தின்பதும் குறையும். இவ்வளவு பெரிய ஆதாயத்தைக் கட்டுரை ஏனோ தொடவே இல்லை.

தொடாமல் விட்ட இன்னொன்று காயிலின் அளவு. நான் வேலை பார்த்த இடத்தில் 60 மில்லிமீட்டர் பில்லட்டுக்காக 1,000 ஹெர்ட்ஸில் ஓடும் ஹீட்டர் ஒன்று வந்தது. விற்றவர் எந்த அளவையும் இதிலேயே போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து 25 மில்லிமீட்டர் கம்பிக்கு ஆர்டர் வந்தது. கம்பி உள்ளே போனதும் மளமளவென்று சிவந்தது. சிவந்தபின் அடுப்பில் மறந்துவிட்ட தோசைக்கல் போல அப்படியே நின்றது, மஞ்சளாவேனா என்றது. 770 டிகிரியைத் தாண்டியதும் எஃகு காந்தத்தன்மையை இழந்துவிடுகிறது. அதன்பின் அந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் தோலிலிருந்து 17 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கப் பார்க்கும். கம்பியின் ஆரமோ பன்னிரண்டரைதான். எதிரெதிர்ப் பக்கங்களின் சுழல் மின்னோட்டங்கள் நடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மின்சாரம் காயிலையும் தண்ணீரையும் சூடாக்குவதோடு நின்றுவிடுகிறது. போதாததற்குக் கம்பிக்கும் காயில் சுவருக்கும் நடுவே கையே நுழையும் இடைவெளி. அந்த மாத மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு முதலாளி பழைய ஆயில் உலையை மறுபடி பற்றவைக்கச் சொன்னார். சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஓடும் இயந்திரமும் கம்பியை ஒட்டிய சிறிய காயிலும் இருந்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

கட்டுரையோடு வெளியான படத்தில் பில்லட் மஞ்சளாக ஜொலிக்கிறது. வெளியே மஞ்சள் என்பதாலேயே உள்ளேயும் வெந்துவிட்டது என்று பொருளில்லை. உற்பத்தியைக் கூட்ட ஆபரேட்டர் வேகமாகத் தள்ளினால் நடுப்பகுதி பல டிகிரி பின்தங்கிவிடும். தொடாமலே வெப்பத்தை அளக்கும் பைரோமீட்டருக்குத் தோல் மட்டுமே தெரியும், அதன்மேல் ஸ்கேல் படர்ந்திருந்தால் அதுவும் சரியாகத் தெரியாது. அடி விழும்போதுதான் டைக்கு உண்மை புரியும். மாறாக, பிரஸ் நின்றுபோன நேரத்தில் மின்சாரத்தைக் குறைக்க மறந்தால் உள்ளிருக்கும் பில்லட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கடப்பாரையாகிவிடும். காயிலின் உட்பூச்சான லைனிங்கை உடைக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது.

சூடான எஃகை உருளைகளுக்கிடையே நீட்டிக் கம்பியாக்கும் ரோலிங் மில்களையும் கட்டுரை இதே கணக்கில் சேர்த்திருப்பது பொருந்தாது. வார்ப்பிலிருந்து சூடு ஆறாமல் நேரே வரும் பில்லட்டுக்குச் சில நூறு டிகிரி ஏற்றிக் கொடுத்தால் போதும். ஃபோர்ஜிங்கிலோ குளிர்ந்த கம்பியிலிருந்து தொடங்க வேண்டும். உயரழுத்த இணைப்பில் நெரிசல் நேர மின்சாரத்துக்கு 25 விழுக்காடு கூடுதல் கட்டணம் இருப்பதால், எந்த ஷிப்டில் சூடாக்குகிறோம் என்பதும் செலவில் சேரும்.

ஆகவே, இத்தகைய இயந்திரங்களுக்குக் கடனும் மானியமும் தருவோர், எந்த விட்டத்துக்கு எந்த அதிர்வெண், எத்தனை காயில், அந்த விட்டத்தில் டன்னுக்கு எத்தனை யூனிட் என்பதை விற்பவரிடம் விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்கச் செய்ய வேண்டும். தங்கள் நாளிதழும் இனி இதைப் பற்றி எழுதும்போது, யூனிட் கணக்கின் பக்கத்திலேயே பில்லட்டின் விட்டத்தையும் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபோர்ஜிங் பிரிவு மேற்பார்வையாளர்,
கோவை.