ஓட்டையைச் சொன்னவன் மேல் வழக்கு எதற்கு?

மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெங்களூரில் கம்பெனிகளின் அனுமதியோடு அவர்களுடைய நெட்வொர்க்கை உடைத்துப் பார்த்து ஓட்டைகளைச் சொல்வது என் வேலை. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவதைப் பற்றிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். நல்லெண்ணத்தோடு ஓட்டையைச் சொல்கிறவர்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு கொடுங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன், ஓசூர்க்காரன். அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஒரு லேபின் தளத்தில் திறந்தான். அந்தப் பக்கத்தின் இணைய முகவரியில் கடைசி இலக்கத்தை மாற்றினால் வேறு யாரோ ஒருவரின் ரிப்போர்ட் வந்து நிற்கிறது. லாகின் செய்தவர் யார் என்று பார்க்கும் சர்வர், கேட்கிற ரிப்போர்ட் அவருடையதுதானா என்று பார்க்கவில்லை. இதற்கு முன்னால் எவ்வளவு விலையுள்ள ஃபயர்வாலை, அதாவது தப்பான கோரிக்கைகளைத் தடுக்கும் காவலை, வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் போகிற கோரிக்கை மற்ற எல்லாக் கோரிக்கைகளையும் போலத்தான் இருக்கும். அவன் அதோடு நிறுத்திவிட்டு லேபுக்கு மெயில் எழுதினான். பதிலாக வந்தது வக்கீல் நோட்டீஸ், அப்புறம் போலீஸ் புகார். லேப்டாப்பும் போனும் போயின. வழக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் கையில் இருந்த புது வேலையும் போனது, ஊரில் அப்பா வக்கீலுக்காகக் கடன் வாங்கியிருக்கிறார். அந்த ஓட்டை அடைபட்டதா என்று பார்க்கக்கூட இப்போது எங்களுக்குப் பயம், பார்த்தால் அதற்கும் வழக்கு வரலாம்.

66-ஆம் பிரிவு நேர்மையின்மையோ மோசடியோ இருந்தால்தான் தண்டனை என்கிறது, சரி. ஆனால் அதை நீதிமன்றம் முடிவு செய்ய வருடங்கள் ஆகும், 3 ஆண்டு சிறை என்ற பயம் முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. நஷ்டஈடு கேட்கும் 43-க்கோ நோக்கமே தேவையில்லை, அனுமதி இல்லை என்றால் போதும்.

இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள், அதைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது. நடப்பதற்கு முன்னாலேயே சொல்ல வருகிறவனுக்கு என்ன வழி? அதே வருடம் நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கி, நோயாளிகளின் விவரங்களைக் கையால் எழுத வேண்டி வந்ததை நீங்களும் பார்த்தீர்கள். அமெரிக்க அரசின் நீதித் துறை 2022 மே மாதமே நல்லெண்ணத்தோடு ஓட்டை தேடும் ஆய்வாளர்கள் மேல் வழக்குப் போட வேண்டாம் என்று தன் அரசு வழக்கறிஞர்களுக்குச் சொல்லிவிட்டது. இங்கே நல்ல பையன்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், ஓட்டையை விற்கிறவனுக்கு ஒரு பயமும் இல்லை.

கோபத்தில் எழுதியிருந்தால் மன்னியுங்கள். ஓட்டையைத் தனிப்பட்ட முறையில் தெரிவித்து, தரவை எடுக்காமல், சரிசெய்ய நேரமும் கொடுத்தவர் மேல் 43, 66 பாயாது என்று ஒரு திருத்தம் கொண்டுவருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, இப்படிப்பட்ட புகாரில் வழக்குப் பதிவதற்கு முன் செர்ட்-இன்னின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று மாநிலக் காவல் துறைகளுக்கு ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெங்களூரில் இருந்து ஒரு பாதுகாப்புச் சோதனையாளர்