கடையில் அடிக்கிற ஷாக்குக்கு

மக்கா,

ஆரல்வாய்மொழியில் கடை திறந்து, ஏசியும் வைத்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே மார்த்தாண்டத்தில் சாரல் விட்டபாடில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை.

சரி, கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயம். சிபியூ பெட்டியைத் தொட்டதும் ஒரே ஒரு சுரீர், உடனே மறுபடி தொட்டால் ஒன்றுமில்லை என்றால் அது நிலைமின்சாரம், உரசலில் உடம்பில் சேருகிற மின்னேற்றம். கை வைத்திருக்கிற நேரமெல்லாம் விறுவிறுவென்று இழுத்தால் எர்த் கோளாறு, அதாவது கசிகிற மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகிற கம்பியில் கோளாறு. அதற்கு எலக்ட்ரீஷியன்தான் வரவேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே.

நீ எழுதியிருப்பது முதல் வகை மாதிரிதான் தெரிகிறது. கணவாய்க் காற்று உங்கள் பக்கம் வரும்போது ஈரம் குறைந்திருக்கும், மிச்ச ஈரத்தை ஏசி எடுத்துவிடும், கீழே நைலான் கார்ப்பெட், காலில் ரப்பர் செருப்பு, அப்புறம் நடக்க நடக்க உடம்பில் மின்னேற்றம் சேராமல் என்ன செய்யும்?

இதைக் குறைக்க, துணியைக் கடைசியாக அலசும்போது ஊற்றுகிறோமே, அந்த கம்ஃபர்ட் போதும். ஒரு பங்குக்குப் பத்திருபது பங்கு தண்ணீர் கலந்து, ராத்திரி எல்லாவற்றையும் ஆஃப் செய்த பிறகு, கார்ப்பெட்டிலும் நாற்காலித் துணியிலும் லேசாகத் தெளித்துக் காயவிடு. காய்ந்த பிறகும் ஒரு மெல்லிய படலம் நின்று காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், மின்னேற்றம் அதன் வழியே கசிந்து போய்விடும். ஆள் நடமாட்டத்தில் தேய்ந்ததும் மறுபடி தெளிக்க வேண்டும். கம்ப்யூட்டர் மேலும் ஸ்கிரீன் மேலும் ஒரு துளி படக்கூடாது. என்னைக் கேட்டால் அந்தக் கார்ப்பெட்டையே சுருட்டி வைத்துவிட்டு வெறும் தரையாக விடு.

தம்பி கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ரேம் என்ற மெமரி அட்டையை மாற்றப் போகிறான் என்றாயே, எனக்கு அதுதான் கவலை. நமக்கு ஷாக் என்று உறைக்கவே சுமார் 3000 வோல்ட் வேண்டும், சில சிப்புகளோ 100 வோல்ட்டுக்கும் கீழேயே கெட்டுவிடும், ஆகவே ஒன்றும் உறைக்கவில்லை என்று நம்பிவிடக் கூடாது. பிளக்கை உருவிவிட்டு, பெட்டியில் பெயின்ட் இல்லாத இரும்பை அடிக்கடி தொட்டுக்கொண்டு, ரேமை ஓரத்தில் மட்டும் பிடிக்கட்டும். மாட்டுகிற நேரம் வரை அது வந்த கவரிலேயே இருக்கட்டும். பாலியஸ்டர் சட்டை வேண்டாம், பருத்தி போடச் சொல். உள்ளே தூசி எடுக்க வாக்குவம் கிளீனரையும் விடவேண்டாம், அதன் பிளாஸ்டிக் முனையிலேயே மின்னேற்றம் சேரும்.

எதற்கும் எர்த்தை ஒருமுறை பார்க்கச் சொல்லிவிட்டு எனக்குப் போன் போடு. ஓணம் லீவுக்குப் பிள்ளைகளோடு அங்கே வருகிறோம்.