முகாம் போதும், வீடுகளுக்கு அனுப்புங்கள்: பார்மசி கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பார்மசி கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

செப்டம்பர் 25 உலக மருந்தாளுநர் தினம். நவம்பர் மூன்றாம் வாரம் தேசிய மருந்தியல் வாரம். இரண்டையும் ஒட்டி உங்கள் கல்லூரிப் பேருந்துகள் ஊர்களுக்குள் வரும். பேனர் கட்டுவீர்கள், ஊராட்சித் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவீர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சுகர், பிரஷர், உயரம், எடை பார்ப்பார்கள். மதியம் தக்காளி சாதம், மூன்று மணிக்குக் குழுப் புகைப்படம், நான்கு மணிக்கு பஸ் கிளம்பிவிடும். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் (பி.எச்.சி.) மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்படிப்பட்ட முகாம்களுக்கு மேசை நாற்காலி ஏற்பாடு செய்து கொடுத்த அனுபவம் நிறைய உண்டு. பிள்ளைகள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களை என்ன வேலைக்கு அழைத்து வருகிறீர்கள் என்பதில்தான் குறை.

முகாமில் விரலில் குத்தி, "280 இருக்குதும்மா, டாக்டரைப் பாருங்க" என்று சீட்டு எழுதித் தருகிறார்கள். அந்த அம்மாவுக்குச் சுகர் இருப்பது தெருவுக்கே தெரியும். மாத்திரையும் வீட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து, பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். உங்கள் முகாம் அதே வேலையை வருஷத்துக்கு ஒரு நாள், மைக் வைத்துச் செய்கிறது. அவ்வளவுதான்.

குறை இருக்கும் இடம் வேறு. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் மருந்துக் கணக்குக்கு ஒரு பாஸ்புக் போட்டுக் கொடுக்கும் முறை அதிலிருந்துதான். வேறு மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போன ஏற்பாடு அது. கிடங்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டு வாசலுக்கும் இப்போது வந்துவிடுகிறது. வாசலிலிருந்து வாய்க்குள் போகிறவரை என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் ஆள் இல்லை. டாக்டருக்கு ஓ.பி. வரிசை முடிவதில்லை. கவுன்டரில் நிற்கும் மருந்தாளுநருக்கு ஒரு ஆளுக்கு அரை நிமிஷம் கிடைத்தால் பெரிய விஷயம். தன்னார்வலர் அந்த ஊர்க்காரர், எல்லா வீடும் தெரிந்தவர், ஆனால் மருந்து படித்தவர் இல்லை. வருஷக்கணக்கில் மருந்தை மட்டுமே படிக்கிற உங்கள் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் மருந்து ஒரு பையில்தான் இருக்கும். ஜவுளிக்கடைப் பையோ மஞ்சப்பையோ, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதை எடுத்துவரச் சொல்லி, பாயில் கொட்டி, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நான் சொல்கிற சேவை இவ்வளவுதான். ஆனால் அந்தப் பைக்குள் இருப்பது கொஞ்சமில்லை.

முதலில், ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த, பிரஷருக்கான அம்லோடிபின் அட்டை ஒன்று. டவுனில் ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்த பளபளப்பான அட்டை இன்னொன்று. அதுவும் அம்லோடிபின்தான், மேலே கம்பெனிப் பெயர் பெரிதாக, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் எறும்பெழுத்தில். பாட்டி இரண்டையும் போடுகிறார், அது ஜி.எச். மாத்திரை, இது பிரைவேட் மாத்திரை என்று. கால் வீங்குகிறது. வீக்கத்தைக் காட்டப் போனால் நீர் மாத்திரை சேர்கிறது. நீர் அதிகம் போய்த் தலைசுற்றுகிறது, அதற்கு ஒரு மாத்திரை. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை, இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்த ஒரு இரண்டாம் வருஷ மாணவி கண்டுபிடித்துவிடுவாள். சுகர் மாத்திரையான மெட்பார்மினிலும் இதே கதைதான். பி.எச்.சி.யில் தனியாக வாங்குவார், வெளியில் எழுதிய கூட்டு மாத்திரைக்குள்ளும் அது இருக்கும்.

அடுத்தது செட் மாத்திரை. மூட்டுவலிக்கு, உடம்புவலிக்கு என்று கடையில் கேட்டால் நான்கைந்தைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்களே, அது. நூறு நாள் வேலைக்கும் களையெடுக்கவும் போகிறவர்கள் வாரத்தில் பாதி நாள் அதைப் போடுகிறார்கள். அதில் டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை இருக்கும். சில நேரம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு சுகரை ஏற்றும். சுகர் ஏறியதைப் பார்த்து டாக்டர் சுகர் மாத்திரையைக் கூட்டுவார். காகித மடிப்பு அவர் கண்ணுக்குத் தெரியாதே. எனலாபிரில் என்ற பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் ஏற்கெனவே போடுகிறவருக்கு அந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு என்ன ஆகும் என்று உங்கள் மாணவர்கள் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எழுதியதைக் கண்ணால் பார்க்கட்டும்.

பையின் அடியில் பாதி தீர்ந்த ஆன்டிபயாட்டிக் அட்டை கிடக்கும், சிவப்புக் கோடு போட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் போடக்கூடாது என்பதுதான் அந்தக் கோட்டுக்குப் பொருள் என்று மத்திய அரசு 2016-இல் பிரச்சாரமே நடத்தியது. எங்கள் ஊர்களில் அதைக் கேட்டால் "டிசைன்" என்பார்கள். கத்தரித்த அட்டைகளில் காலாவதித் தேதி இருக்கிற துண்டு கடையிலேயே நின்றுபோயிருக்கும். மூச்சிரைப்புக்காக மெஷினில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்கள் உண்டு. கர்ப்பிணிகள் சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு மேலே டீயும் குடிப்பார்கள். கால்சியமும் டீயும் சேர்ந்து இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. இரண்டையும் வேறு வேறு நேரத்தில் போடச் சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். அப்புறம் புரட்டாசி. சனிக்கிழமை விரதம் இருந்துகொண்டு சுகர் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டு மயங்கி விழுகிறவர்களை அந்த மாதத்தில் எந்த பி.எச்.சி.யில் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்சுலினைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறு நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின். அதற்கான ஊசி சிவப்பு மூடி. மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கான ஊசி ஆரஞ்சு மூடி. கடையில் சிவப்பு தீர்ந்துபோய் ஆரஞ்சைக் கொடுத்துவிட்டால், 20 என்ற கோடுவரை இழுத்தவர் உண்மையில் 8 யூனிட்தான் போட்டுக்கொள்கிறார். சுகர் இறங்கவில்லையே என்று டோஸ் கூடிக்கொண்டே போகும். தலைகீழாக நடந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 வரை இழுத்தால், உள்ளே போவது 50 யூனிட். இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம், குப்பியையும் ஊசியையும் கேட்டு வாங்கிப் பார்த்தால் போதும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகள் மலைக் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. அங்கே ஈரமணல் போட்ட பானைக்குள் சின்னச் சட்டி வைத்து அதில் குப்பியை வைக்கச் சொல்லலாம். ஃப்ரிட்ஜ் இருக்கும் வீடுகளில் வேறு தொல்லை: மருந்து கெடக்கூடாது என்று ஃப்ரீசருக்குள் வைத்துவிடுவார்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகினாலும் போடத் தகுதியில்லாதது. கலங்கலாக இருக்கும் வகையை உள்ளங்கையில் உருட்டிவிட்டுப் போட வேண்டும், ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கட்டி விழும், பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் எறியக்கூடாது... இதையெல்லாம் ஒரே உட்காரலில் சொல்லி முடிக்க முடியாது. மாணவர் திரும்பவும் போக வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன்: ஒரு மாணவருக்கு ஐந்து வீடு, வருஷம் முழுக்க அதே ஐந்து வீடு. மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்திலேயே வைத்துவிட்டது. நாம் ஏன் வைக்கவில்லை? 2020-இல் வந்த டி.பார்ம். (பார்மசி டிப்ளமோ) விதிமுறையில், மக்கள் நலம் சார்ந்த சோஷியல் பார்மசி என்று ஒரு பாடம் செய்முறையோடு இருக்கிறது. பட்டப்படிப்பான பி.பார்மில் அது எட்டாவது செமஸ்டரில், வெறும் தியரியாக வருகிறது. போகிற நேரத்தில் ஐந்து யூனிட் படித்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். டி.பார்ம். முடித்தவர் 500 மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும், அதில் 250 மணி நேரமாவது மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுத்துப் பழக வேண்டும் என்கிறது சட்டம். அந்தச் சான்றிதழ்களில் எத்தனை, தெரிந்த மெடிக்கலில் கையெழுத்து மட்டும் வாங்கிவந்தவை என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா? நேரம் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். என்.எஸ்.எஸ். மாணவர் ஒருவர் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்தாக வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. அந்த மணி நேரங்களில் பெரும்பகுதி கோயில் வளாகம் கூட்டுவதிலும் மரக்கன்று நடுவதிலும் போகிறது. அதெல்லாம் நல்ல வேலைதான். ஆனால் அதைப் பொறியியல் மாணவரும் செய்யலாம்.

தூரமும் சாக்கு இல்லை. நாமக்கல், ஈரோடு, சேலம் பக்கம் பார்மசி கல்லூரிகள் நெருக்கமாக இருக்கின்றன. கொல்லிமலையும் பர்கூர் மலையும் அங்கிருந்து பஸ்ஸில் போகிற தொலைவு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை உங்கள் மாணவர்கள் டூருக்கு எப்படியும் ஏறத்தான் செய்கிறார்கள். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-இல் போய் உட்கார்ந்து, அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். அவ்வளவு பெரிய காரியத்தை உங்களிடம் கேட்கவில்லை. நான் கேட்பது, போன வீட்டுக்கே மறுபடி போவதைத்தான்.

சில கட்டுப்பாடுகள் வேண்டும், அதில் நான் கறார். மாணவர் எந்த மாத்திரையையும் நிறுத்தச் சொல்லக்கூடாது, கூட்டக் குறைக்கக்கூடாது. பார்த்ததை ஒரு தாளில் எழுதி பி.எச்.சி. மருந்தாளுநரிடமும் டாக்டரிடமும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், முடிவு அவர்களுடையது. புகைப்படம் கூடாது. பையில் காசநோய் மருந்தோ மனநல மருந்தோ இருக்கும், அது பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் கும்பலாகப் போகாமல் இருவர் இருவராக, தன்னார்வலரோடு போகட்டும். மாணவிகளைத் தனியாக அனுப்பவே கூடாது. மருந்துக் கம்பெனி தரும் பேனா, குடை, சாம்பிள் எதுவும் அந்த வீடுகளுக்குள் போகக்கூடாது. நாட்டு மருந்து இருந்தால் முகம் சுளிக்காமல் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும், சுளித்தால் அடுத்த முறை ஒளித்துவிடுவார்கள். மருந்தால் ஏதாவது ஒவ்வாமை, பக்கவிளைவு என்று கேள்விப்பட்டால் அதைப் புகாராகப் பதியலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இலிருந்து நடக்கிறது, நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது, 1800-180-3024 என்ற இலவச எண்ணும் உண்டு.

முதல் வீடு அவரவர் சொந்த வீடாகவே இருக்கட்டும். உங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பிள்ளைகள், பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். தன் பாட்டியின் பையைக் கொட்டிப் பார்த்து, அவர் "ஏங்கண்ணு, இந்த வெள்ளை மாத்திரை சோத்துக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்பதற்குப் புரிகிற மாதிரி பதில் சொல்லிப் பழகினால், மற்ற நான்கு வீடுகளில் தடுமாற மாட்டார்கள். செய்முறைத் தேர்வில் அந்தப் பதிலைச் சொல்லச் சொல்லி மதிப்பெண் போடுங்கள். நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்குவது மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டின் தொழில்நடைமுறை விதிகளே சொல்கின்றன. 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். அந்த மாதிரிக் கடைகளில் நாளைக்கு நிற்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான்.

இதற்குப் புது நிதியோ அரசாணையோ தேவைப்படாது. உங்கள் பகுதி வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்த ஊர், எத்தனை மாணவர், எந்தக் கிழமை, பொறுப்பாசிரியர் யார் என்று. சனிக்கிழமை பிற்பகல் நல்ல நேரம், வேலைக்குப் போனவர்கள் கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள். முதல் வருஷம் ஒரே ஒரு வகுப்போடு தொடங்குங்கள். மாணவர்கள் எழுதிவரும் தாள்களைப் படித்துத் திருத்திக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால், என்னைப் போல ஓய்வுபெற்ற மருந்தாளுநர்கள் எல்லா ஒன்றியங்களிலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம்.

இப்படிக்கு,
கொங்குப் பகுதியிலிருந்து ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர்