லெவல் ஏற்றச் சொன்ன விமர்சகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள விமர்சகருக்கு,

வணக்கம். ஜப்பானிய ஆர்பிஜி (பாத்திரத்தை வளர்த்து ஆடும் கேம்), அட்வெஞ்சர் கேம்களுக்கு நீங்கள் வரிசையாகச் சொல்லிவரும் தீர்ப்புகளைப் படித்து வருகிறேன். மதிப்பெண்ணில் எனக்குப் பெரிய தகராறு இல்லை. சிலவற்றுக்கு நான் உங்களைவிடக் குறைவாகத்தான் போடுவேன். தகராறெல்லாம் மதிப்பெண்ணுக்குக் கீழே நீங்கள் எழுதும் காரணத்தோடுதான். காரணம் பிசகினால், அதை நம்பி கேமைத் தொடங்குகிறவர் முதல் பத்து மணி நேரத்தையும் தப்பான வேலையில் கழிப்பார்.

ஃபைனல் ஃபேண்டஸி 8ஐ எடுத்துக்கொள்வோம். 'லெவல் ஏற்றிக்கொண்டே இருந்தால்தான் தாக்குப்பிடிக்கலாம், சுத்த கிரைண்டிங்' (பலம் சேர்க்கத் திரும்பத் திரும்பச் சண்டை போடுவது) என்று பத்துக்கு நாலு கொடுத்திருக்கிறீர்கள். இந்த கேமில் நடப்பது நேர் எதிர். எதிரிகளின் லெவல், பெரும்பாலான இடங்களில், உங்கள் குழுவின் சராசரி லெவலை ஒட்டியே ஏறும். நீங்கள் 40க்குப் போனால் அவையும் 40ஐச் சுற்றி நிற்கும். லெவல் ஏறும்போது உங்கள் ஆளுக்குக் கூடும் பலம் சொற்பம். எதிரிக்குக் கூடும் ஹெச்பியோ (உயிர்ப் புள்ளி) கணிசம். ஆகவே மணிக்கணக்கில் சண்டை போட்டு லெவல் ஏற்றியவருக்கு கேம் கடினமாகத்தான் ஆகும். நீங்கள் பட்ட அவஸ்தை நிஜம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு மருந்தென்று நீங்கள் சொல்வதுதான் நோய்.

இங்கே பலம் வருவது ஜங்ஷனில், அதாவது மந்திரத்தை ஆளின் திறனோடு இணைப்பதில். ஒவ்வொரு மந்திரத்தையும் ஓர் ஆள் 100 வரை வைத்துக்கொள்ளலாம், அதை ஹெச்பி, ஸ்ட்ரெங்த் என்று ஒரு திறனோடு இணைக்கலாம். மந்திரத்தை எதிரியிடமிருந்து டிரா செய்தால் (உறிஞ்சி எடுத்தால்) ஒரு தடவைக்கு ஒன்பதுக்கு மேல் வராது. நூறு சேர்க்க அதே எதிரியின் முன்னால் நின்று பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் செய்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். கேமும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறது, அந்தப் பழி அதன் மேல்தான். நல்ல வழி ரிஃபைன், அதாவது பொருளை மந்திரமாக மாற்றுவது. டாலெட் கோபுரத்தின் உச்சியில் வரும் எல்வோரெட் என்ற பாஸிடமிருந்து (பெரிய எதிரி) சைரன் என்ற ஜிஎஃப்பை (ஆளோடு இணையும் காவல் சக்தி) டிரா செய்யத் தவறக் கூடாது. விட்டால் கடைசிக் கோட்டைவரை மறு வாய்ப்பு இல்லை. சைரனுக்கு உயிர் மந்திர ரிஃபைன் திறனைக் கற்றுக்கொடுத்துவிட்டால், கடையில் 1,000 கில்லுக்கு (கேமின் காசு) கிடைக்கும் டென்ட் ஒன்று பத்து கியூராகாவாக (குணப்படுத்தும் மந்திரம்) மாறும். பத்து டென்ட் வாங்கினால் நூறு கியூராகா. அந்த நூறையும் ஹெச்பியோடு இணைத்தால் 2,200 ஹெச்பி கூடும். முதல் டிஸ்க்கிலேயே இதைச் செய்யலாம். ஒரே எச்சரிக்கை: இணைத்த மந்திரத்தைச் சண்டையில் செலவழித்தால் இணைப்பின் பலமும் இறங்கும். நூறு கியூராகாவை இணைத்துவிட்டு அதையே எடுத்து வைத்தியம் பார்க்கிறவர்கள்தான் 'ஹெச்பி ஏன் குறைகிறது' என்று குழம்புவார்கள்.

பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இதில் அரக்கர்கள் காசு போடுவதில்லை, சம்பளம்தான். மெனுவில் டுடோரியலுக்குள்ளே எழுத்துத் தேர்வு இருக்கிறது. பத்துக் கேள்வியும் சரியாக இருந்தால் ஸீட் (நாயகன் இருக்கும் கூலிப்படை) ரேங்க் ஏறும், சம்பளமும் ஏறும். எத்தனையாவது தேர்வுவரை எழுதலாம் என்பதை மட்டும் நாயகன் ஸ்குவாலின் லெவல் தீர்மானிக்கிறது. லெவலுக்கு இந்த கேமில் இருக்கும் உருப்படியான உபயோகங்களில் அது ஒன்று.

எதிரியை அடித்துக் கொல்லாமல், ஹெச்பியை இறக்கிவிட்டு, கெஸால்கோட் என்ற ஜிஎஃப் கற்கும் கார்ட் கட்டளையால் சீட்டாக மாற்றினால் இன்னும் லாபம். அனுபவப் புள்ளி வராது, லெவல் ஏறாது. ஏபி (திறன் புள்ளி) மட்டும் வரும், ஜிஎஃப் திறன்கள் வளரும். கையில் வந்த சீட்டைக் கார்ட் மாட் என்ற திறனைக் கொண்டு பொருளாக்கி, பொருளை மந்திரமாக்கலாம். டிரிபிள் டிரையட் என்ற சீட்டாட்டம் ஆடி ஜெயிக்கும் கிஸ்டிஸ் சீட்டு, சமந்தா சோல் என்ற பொருள் மூன்றைத் தரும். அதில் ஒவ்வொன்றும் 60 டிரிபிள் மந்திரமாகிறது.

இப்போது என் குறையைச் சொல்கிறேன், இது உங்களுடையதைவிடக் கடுமையானது. இந்த வழி தெரிந்துவிட்டால் சண்டையே செத்துவிடுகிறது. ஆளின் ஹெச்பி தாழ்ந்திருக்கும்போது லிமிட் பிரேக் (உச்சத் தாக்குதல்) கிடைக்கும். கிடைக்காவிட்டால், முறையை அடுத்த ஆளுக்கு மாற்றும் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள், ஒவ்வொரு தட்டலுக்கும் கேம் மறுபடி பகடை உருட்டும். ஸ்குவாலின் லிமிட் பிரேக்கான ரென்ஸோகுகென் வரும்வரை தட்டலாம், ஒன்றும் செலவில்லை. எந்த பாஸும் இதற்கு எழுதப்பட்டதல்ல. ஆகவே நாலு மதிப்பெண் அப்படியே இருக்கட்டும். 'கிரைண்டிங் தேவை' என்பதை எடுத்துவிட்டு, 'ரகசியம் தெரியாதவனை வதைக்கும், தெரிந்தவனுக்குச் சவாலே இல்லை' என்று எழுதுங்கள். 2019 ரீமாஸ்டரில் ஆடியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அதில் மூன்று மடங்கு வேகம் உண்டு, எதிரி வராமல் நிறுத்தவும் முடியும். அவற்றைப் போட்டுக்கொண்டு ஆடியவரின் 'சலிப்பு' வேறு, 1999இல் பிளேஸ்டேஷனில் ஆடியவரின் சலிப்பு வேறு.

பர்ஸோனா 5 ராயலுக்கு நீங்கள் எழுதியது: 'பழைய கேமேதான், புதுசாக ஒன்றுமில்லை, முடிவு சட்டென்று வந்துவிடுகிறது.' இதைப் படித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. உங்களுக்கு மூன்றாம் பருவம் (ராயலில் சேர்த்த புதுப் பகுதி) திறக்கவில்லை. பள்ளி ஆலோசகர் மருகியின் கான்ஃபிடன்ட் (நட்பு) ரேங்க் நவம்பர் 18க்குள் 9ஐத் தொட வேண்டும். தொடாவிட்டால் ஜனவரியில் தொடங்கும் அந்தப் பகுதியே இல்லாமல் கேம் பழையபடி முடிந்துவிடும். உண்மையான எண்டிங்குக்குத் துப்பறிவாளன் அகெச்சியும் நவம்பர் 24க்குள் ரேங்க் 8 ஆக வேண்டும். மாணவி கசுமியை டிசம்பர் 18க்குள் ரேங்க் 5க்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. நவம்பர்வரைதான் இருப்பேன் என்று மருகி வாயால் சொல்வார். எந்த ரேங்க் வேண்டும் என்று கேம் ஒருபோதும் சொல்லாது. நூறு மணி நேரம் போடவைத்துவிட்டு, காசு வாங்கிய புதுப் பகுதியை இப்படி ஒளித்துவைத்தது தயாரிப்பு நிறுவனமான அட்லஸின் அடாவடி என்று திட்டியிருந்தால் கைதட்டியிருப்பேன். இல்லவே இல்லை என்று எழுதியதுதான் பிழை.

நியர் ஆட்டோமேட்டாவிலும் அதே கதை. முதல் முறை பெயர்ப் பட்டியல் ஓடுவது பாதிவழிகூட இல்லை. இரண்டாம் சுற்றில் 9எஸ் என்ற வேறு பாத்திரமாக ஆட வேண்டும், மூன்றாவதில் கதையே புதிது. முதல் சுற்றின் ஏ எண்டிங்கோடு மூடிவைத்ததை மதிப்புரையில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும்.

வேக்ரன்ட் ஸ்டோரிக்கு (2000) வருவோம். 'எதை அடித்தாலும் 1 டேமேஜ், ஆயுதங்கள் வேலை செய்யவில்லை' என்கிறீர்கள். அடிக்கு வகை உண்டு: வெட்டு, குத்து, மொத்து. எதிரிக்கு இனம் உண்டு: மனிதன், மிருகம், பிணம், ஆவி, டிராகன், தீயது என ஆறு. எந்த இனத்தை அடிக்கிறீர்களோ அதற்கு எதிராக ஆயுதம் பழகும், வேறு சில இனங்களுக்கு எதிராக மங்கும். ஒரே வாளை எல்லோர் மேலும் வீசினால் அது எவருக்கும் ஆகாமல் போகிறது. அனலைஸ் மந்திரத்தைப் போட்டு எதிரியின் பலவீனத்தைப் பார்த்துவிட்டு, குறைந்தது மூன்று ஆயுதங்களைப் பிரித்து வளர்க்க வேண்டும். அப்படியும் 1 வந்தால் ரிஸ்க் மீட்டரைப் பாருங்கள் என்று சொல்வார்கள். அது தப்பு, ரிஸ்க் ஏறினால் குறி தவறும், வாங்கும் அடி கூடும். இந்த கேமில் உண்மையிலேயே எரிச்சலூட்டுவது மெனு. ஆயுதம் மாற்ற ஒவ்வொரு முறையும் உள்ளே போய் வர வேண்டும். பொருள் வைக்கும் கன்டெய்னரைத் திறந்தால் மெமரி கார்டு ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஏஸ் அட்டார்னி, வழக்கறிஞராக நின்று சாட்சியின் பொய்யைப் பிடிக்கும் கேம். 'ஊகித்து ஊகித்து அடிக்கும் விளையாட்டு' என்கிறீர்கள். முதல் கேமின் (2001) முதல் வழக்கையே பாருங்கள். பிணத்தைக் கண்டது பகல் 1 மணிக்கு என்கிறான் சாட்சி. பிரேதப் பரிசோதனை அறிக்கையோ மரணம் 4 முதல் 5 மணிக்குள் என்கிறது. டிவியில் மணி சொல்லக் கேட்டேன் என்று சமாளிக்கிறான். அந்த நேரத்தில் மின்வெட்டு, ஆவணம் உங்கள் கையில் இருக்கிறது. இதில் ஊகம் எங்கே? முறை எளிது: முதலில் ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரஸ் செய்யுங்கள் (சாட்சியைக் குடைந்து கேளுங்கள்), பெரும்பாலும் அபராதம் கிடையாது, புதிய வாக்கியமும் முளைக்கும். பிறகு ஆவணங்களை ஒவ்வொன்றாகத் திறந்து தேதி, நேரம், இடம் மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள். ஆவணத்தை நீட்டுவதற்கு முன் சேவ்.

உங்கள் புகார் பொருந்தும் இடமும் இருக்கிறது. நீங்கள் முரணை இரண்டு வாக்கியம் முன்னாலேயே பிடித்திருப்பீர்கள், கேம் அதை அடுத்த வாக்கியத்தில்தான் ஏற்றுக்கொள்ளும், தண்டனை உங்களுக்கு. முதல் கேமில் தவறுக்கு ஓர் ஆச்சரியக்குறிதான் போகும், ஐந்து உண்டு. இரண்டாம் கேமில் (2002) அது ஒரு பட்டையாகி, எந்தக் கேள்விக்கு எவ்வளவு போகும் என்பதும் மாறிக்கொண்டே இருக்கும். அதே பட்டைதான் சைக்-லாக் (ஒருவர் மறைக்கும் ரகசியத்தின் பூட்டு) உடைக்கும்போதும் குறைகிறது. 'ஊகம்' என்ற புகாரை அந்த இரண்டாம் கேமுக்கு மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டு, முதல் மூன்று கேம்களையும் வரிசையாகவே ஆடச் சொல்லுங்கள். மூன்றாவதின் கடைசி வழக்கு முந்தைய இரண்டையும் தெரிந்தவருக்குத்தான் முழுசாகப் பலிக்கும். இரண்டாம் கேமில் வரும் சர்க்கஸ் வழக்கை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆட்சேபணை இல்லை.

அன்புடன்,
உங்கள் வாசகன்