செமி ஆட்டோமேட்டிக் மேக்னம் கைத்துப்பாக்கியில் இயங்காத தோட்டாக்கள்: புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தங்கள் .44 மேக்னம் தோட்டாக்களின் இயக்கக் கோளாறு, பெட்டியில் உள்ள தவறான வாசகம் ஆகியவை குறித்து.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் 240 கிரெய்ன் (தோட்டாவின் நுனியிலுள்ள குண்டின் எடை) .44 மேக்னம் தோட்டாக்களை, பெட்டியின் மேல் "ரிவால்வருக்கும் செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கிக்கும் ஏற்றது" என்று அச்சிடப்பட்டிருந்ததை நம்பி, என்னுடைய டெசர்ட் ஈகிள் என்ற செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கிக்காக வாங்கினேன். அந்த வாசகம் உண்மைக்கு மாறானது என்பதே என் புகார்.

ஒவ்வொரு மேகசினிலும் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) ஏதாவது ஒரு தடங்கல் வந்தது. சில முறை காலி உறை வெளியே விழாமல், துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் இடுக்கில் செங்குத்தாக மாட்டிக்கொண்டது. வேறு சில முறை ஸ்லைடு பாதி தூரமே பின்னே சென்று திரும்பியதால், அடுத்த தோட்டாவை எடுக்காமல் வெறும் சேம்பரை (தோட்டா வெடிக்கும் அறை) மூடியது. அதே நாளில், அதே மேகசினில், வேறொரு தயாரிப்பாளரின் ஈயக் குண்டின் மேல் முழு ஜாக்கெட் (தடித்த உலோகக் கவசம்) கொண்ட, முழு வேகத் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டபோது ஒருமுறைகூட நிற்கவில்லை.

தங்கள் சேவைப் பிரிவுக்கு நான் முதலில் எழுதியபோது, கைப்பிடியை இறுக்கமாகப் பிடிக்குமாறும் துப்பாக்கியைச் சுத்தம் செய்து எண்ணெய் இடுமாறும் பதில் வந்தது. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுமையாகப் பின்வாங்காது என்பதும், இடக்கையால் மேகசினின் அடியை மேல்நோக்கி அழுத்தினால் இந்தத் துப்பாக்கி மக்கர் செய்யும் என்பதும் இதை வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்தவையே. மற்றொரு பிராண்டு தோட்டாவை எடுத்தவுடன் என் மணிக்கட்டு மட்டும் எப்படி உறுதியாகிவிடும் என்பதைத் தங்கள் பதில் விளக்கவில்லை.

இந்தத் துப்பாக்கி பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைப் போலப் பின்னுதைப்பை மட்டும் கொண்டு இயங்குவதல்ல. சேம்பருக்குச் சற்று முன்னே குழலில் உள்ள ஒரு சிறு துளை வழியே வெடிவாயு பிரிந்து, குழலுக்கு அடியில் உள்ள பாதையில் முன்பக்கம் வரை சென்று, அங்கே பிஸ்டனை அழுத்தி ஸ்லைடைப் பின்னே தள்ளுகிறது. .44 மேக்னம் 1950-களின் நடுவில் ரிவால்வருக்காகவே உருவான, விளிம்புள்ள தோட்டா. ரிவால்வரில் உருளையைத் திருப்புவது சுடுபவரின் விரல். அங்கே மென்மையான தோட்டாவும் வெடித்தால் போதும். இங்கேயோ கனமான ஸ்லைடைத் தள்ளி, உறையை வெளியேற்றி, அடுத்ததை ஏற்றும் வேலை முழுவதையும் தோட்டாவின் வாயுவே செய்தாக வேண்டும். தங்கள் தோட்டாவில் உதைப்பு குறைவாகவே தெரிகிறது. ரிவால்வர் வைத்திருப்பவருக்கு அது ஒருவேளை வசதியாக இருக்கலாம், எனக்கு அதுவே தடங்கல்.

இரண்டாவது குறை குண்டைப் பற்றியது. பெட்டியில் "செப்பு மூடியது" என்று மட்டுமே உள்ளது. ஒரு குண்டைக் கழற்றிக் கத்தியால் கீறிப் பார்த்தபோது, இருந்தது ஜாக்கெட் அல்ல, நகத்தின் தடிமன்கூட இல்லாத பூச்சு; அதற்கடியில் மெத்தென்ற ஈயம். ஜாக்கெட் இல்லாத ஈயக் குண்டுகளை இந்த வகைத் துப்பாக்கியில் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணமே, சுரண்டப்படும் ஈயம் வாயுத் துளையை அடைத்துவிடும் என்பதுதான். சுத்தம் செய்யப் பிரித்தபோது என் பிஸ்டனின் முகப்பில் சாம்பல் நிறச் செதில்கள் ஒட்டியிருந்தன. முன்பு ஜாக்கெட் குண்டுகளைச் சுட்ட பிறகு வெறும் கரிதான் இருக்கும்.

மூன்றாவதை அவசரமாகக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏறாமல் சிக்கிய சில தோட்டாக்களில் குண்டு உறைக்குள் கண்ணுக்குத் தெரியும் அளவு உள்ளே அமுங்கியிருந்தது. உறையின் வாய் குண்டை இறுகப் பற்றவில்லை என்பதையே இது காட்டுகிறது. குண்டு உள்ளே அமுங்கினால் மருந்துக்கான இடம் குறைந்து அழுத்தம் உயரும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தோட்டாக்களை நான் சுடாமல் தனியே வைத்துள்ளேன்.

ஆகவே, மீதமுள்ள பெட்டிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். அதே லாட்டில் (தயாரிப்புத் தொகுதியில்) தயாரானவற்றில் உறைவாயின் இறுக்கத்தைச் சோதித்து, முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். குண்டு பூச்சு வகையா ஜாக்கெட் வகையா என்பதையும், எந்த நீளக் குழலில் எவ்வளவு வேகம் அளக்கப்பட்டது என்பதையும் பெட்டியிலேயே அச்சிட வேண்டும். வாயுவால் இயங்கும் துப்பாக்கியில் சுட்டுப் பார்க்காத தோட்டாவின் பெட்டியிலிருந்து "செமி ஆட்டோமேட்டிக்" என்ற சொல்லை நீக்கிவிடுங்கள்.

லாட் எண் தெரியும் பெட்டி மூடியின் படம், பணம் செலுத்திய ரசீதின் நகல், குண்டு அமுங்கிய தோட்டாக்களை நல்ல தோட்டாவுடன் அருகருகே வைத்து எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். தோட்டாக்களைச் சாதாரணத் தபாலில் அனுப்ப இயலாது என்பதால், அவற்றைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைத் தாங்களே செய்து தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்