மலருக்கு: செரோக்கிப் பாட்டியைத் தேடும் முன்

அன்புள்ள மலர்,

குட்டி எப்படி இருக்கிறாள்? உன் மாமியார் சொன்ன கதையை நீ போனில் சொன்னதிலிருந்தே எழுத வேண்டும் என்றிருந்தேன். அவருடைய பாட்டியின் அம்மா செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்து இளவரசி, அந்த ரத்தம் குட்டிக்கும் வந்திருக்கிறது, அதைப் பார்க்க மாப்பிள்ளை டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டி வேறு வாங்கி வைத்திருக்கிறார். ஜார்ஜியா, டென்னசி பக்கம் எத்தனையோ வீடுகளில் இந்தக் கதை உண்டு. நம் ஆட்களும் அங்கே சம்பந்தம் செய்கிறார்கள், யாருக்காவது பயன்படட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த இளவரசிப் பட்டத்தை எடுத்துவிடுவோம். செரோக்கியரிடம் அரச வம்சம் இருந்ததில்லை, ஆகவே இளவரசியும் இல்லை. இருந்தவை ஏழு குலங்கள்: ஓநாய், மான், பறவை என்று போகும். குலம் அம்மா வழியில் வரும், ஒரே குலத்துக்குள் கல்யாணம் கூடாது, பிள்ளைகளை வளர்ப்பதில் அப்பாவைவிடத் தாய்மாமனுக்கே அதிகப் பொறுப்பு. கதை உண்மை என்றே வை. அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று அறுபடாமல் வந்திருந்தாலும் அந்தக் குலம் மாப்பிள்ளையோடு நின்றுவிடும், குட்டிக்கு வராது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதே. அப்போது கோயிலுக்குத் தலைக்கட்டு வரி யார் கட்டுவது என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருக்கச் சொல். அமெரிக்கப் பூர்வகுடி மூதாதையர் யாரோ இருந்திருக்கலாம் என்பது வரைதான் அது காட்டும். செரோக்கியா, கிரீக் மாதிரி வேறு பூர்வகுடியா என்று சொல்லாது. தனக்கும் பூர்வகுடி மூதாதையர் உண்டு என்று காட்ட 2018இல் அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன் தன் டிஎன்ஏ முடிவை வெளியிட்டபோது செரோக்கி தேசம் வெளிப்படையாகக் கண்டித்தது. அடுத்த ஆண்டு அவர் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் கோபம் நியாயமானது. செரோக்கி தேசம் என்பது தேர்தல், நீதிமன்றம், போலீஸ், மருத்துவமனை எல்லாம் உள்ள அரசு. இங்கே ஓக்லஹோமாவில் டல்சாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் அதன் தலைநகர் டாலக்வா. எச்சில் துப்பி அனுப்பி ஒரு நாட்டின் குடிமகனாக முடியுமா?

அங்கே கேட்கப்படுவது ஒன்றுதான்: உங்கள் ஆள் பட்டியலில் இருக்கிறாரா? கூட்டாட்சி அரசு ஏற்ற செரோக்கி அரசுகள் மூன்று. டாலக்வாவில் இருக்கும் செரோக்கி தேசத்துக்கு, 1898க்குப் பிறகு கூட்டாட்சி அரசு எடுத்த டாஸ் பட்டியலில் உள்ள ஒருவரின் நேர் வாரிசாக இருந்தால் போதும், ரத்தக் கணக்கு கிடையாது. அதே ஊரில் இருக்கும் ஐக்கிய கீட்டூவா குழு கால் பங்கு ரத்தம் கேட்கும். வட கரோலினாவின் கிழக்குக் குழுவுக்கு 1924இன் பேக்கர் பட்டியலும், பதினாறில் ஒரு பங்கு ரத்தமும் வேண்டும்.

டாஸ் அட்டை ஒன்றை இணையத்தில் எடுத்துப் பார். கையெழுத்தில் குடும்பத் தலைவர் பெயர், உறவு, வயது, ரத்தப் பங்கு, முந்தைய பட்டியலில் எந்த மாவட்டம், எந்த எண். கீழ்ப் பாதியில் அப்பா பெயர், அம்மா பெயர். பல இடங்களில் பெயருக்குப் பக்கத்தில் 'இறந்தவர்' என்று ஒரே சொல். பொது நிலத்தைத் துண்டு போட்டு ஆளுக்கு ஆள் பிரிக்கத்தான் இந்தக் கணக்கெடுப்பு. ரெட்பேர்ட் ஸ்மித் என்பவர் பெயர் கொடுக்க மாட்டேன் என்றார். 1902இல் பிடித்து உள்ளே வைத்துப் பதிந்தார்கள். செரோக்கியரிடம் அடிமைகளாக இருந்த கறுப்பர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அவர்களின் வாரிசுகளுக்கு முழு உரிமை உண்டு என்று 2017இல்தான் நீதிமன்றத்தில் முடிவானது.

ஆனால் சம்பந்தி வீட்டார் பரம்பரையாக வட ஜார்ஜியாவில்தான் இருந்தார்கள் என்கிறாய். அப்படியானால் டாஸ் பட்டியலில் தேடிப் பலனில்லை. அது இந்த ஓக்லஹோமா பக்கம் வந்து சேர்ந்தவர்களுக்கு. 1838இல் படையை விட்டுச் செரோக்கியரைக் கிழக்கிலிருந்து கிளப்பினார்கள். சுமார் 16,000 பேரில் 4,000 பேர் வரை செத்தார்கள் என்பது வழக்கமான கணக்கு. கிழக்கிலேயே தங்கிவிட்டவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்கு நீ பார்க்க வேண்டியது மில்லர் பட்டியல். கிழக்குச் செரோக்கியருக்கு நஷ்டஈடு வந்தபோது 1906 முதல் மனு வாங்கினார்கள். ஏறக்குறைய 90,000 பேர் கேட்டார்கள், 30,000 பேரைத்தான் ஏற்றார்கள். அன்றைக்கே மூன்றில் இரண்டு பேருக்கு இல்லை என்றாகிவிட்டது, பார். தள்ளுபடியான மனுவிலும் தாத்தா பாட்டி, அத்தை மாமா பெயரெல்லாம் இருக்கும். சம்பந்தியம்மாவின் பாட்டியின் அம்மா 1880 வாக்கில் பிறந்திருந்தால் அப்போது விவரம் தெரிந்த வயது. அவர் பெயரிலோ அவர் அண்ணன் தம்பி பெயரிலோ மனு இருக்கலாம்.

இல்லாமலும் போகலாம். கறுப்பினப் பாட்டி ஒருவரை மறைக்க 'இந்தியப் பாட்டி' என்று சொல்லிவைத்த வெள்ளைக் குடும்பங்கள் தெற்கில் உண்டு. துரத்தப்பட்டவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போன பிறகு அவர்களைச் சொந்தம் என்று சொல்லிக்கொள்வதும் சுலபமாகிவிட்டது.

அதனால் இன்னொரு பட்டியலையும் பார்க்கச் சொல்வேன். செரோக்கியர் குடியிருக்கும்போதே ஜார்ஜியா அவர்கள் நிலத்தை 1832இல் குலுக்கல் போட்டு வெள்ளையருக்குக் கொடுத்தது. சாதாரண மனை 160 ஏக்கர், தங்கம் கிடைக்கும் இடம் 40 ஏக்கர். சீட்டு விழுந்தவர்கள் பெயர் அச்சிலேயே இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக் குடும்பப் பெயர் அதில் இருந்தால் சம்பந்தியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதை நீதான் யோசிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தால் நான் சொல்லிவிடுவேன், நீ பக்குவமானவள்.

இப்போதைக்கு அவரிடம் அந்தப் பாட்டியின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், பிறந்த கவுண்டி, கூடப் பிறந்தவர்கள் பெயர் மட்டும் கேட்டு வாங்கி அனுப்பு. 'இளவரசி'யைப் பற்றி இப்போது ஒன்றும் பேச வேண்டாம். செப்டம்பரில் தொழிலாளர் தின விடுமுறைக்கு டாலக்வாவில் செரோக்கி தேசியத் திருவிழா நடக்கும். பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரும் போகலாம். அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நம் வீட்டிலேயே தங்கலாம்.

அன்புடன்,
சித்தப்பா